மடுவோரச் சுவரும் கெளுத்தி மீனும்

அந்தக் குரலைத் தும்பை ஒரே ஒரு முறைதான் கேட்டது. கேட்டு ஓராண்டுக்கு மேல் ஆகிறது. பச்சைக்கிளை முறிவதுபோல் குட்டையாக, கூராக ஒரு குரல். அதற்குப் பின் நிறையக் குளம்புகளின் சத்தம். அதற்கும் பின் ஒன்றுமில்லை.

தும்பை ஒரு புள்ளிமான் குட்டி. குரல் அதன் தாயுடையது.

ஆவாரங்காட்டின் நடுவே ஆழமான ஒரு மடு உண்டு. அன்று காலை அந்த மடுவில் மான்களும் பன்றிகளும் குரங்குகளும் பறவைகளும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. புதருக்குள் பதுங்கியிருந்த சிறுத்தையைத் தாய்மான்தான் முதலில் பார்த்தது. அது ஓடவில்லை, நின்று கூப்பிட்டது. அந்தக் குரல் கேட்டு எல்லாம் ஓடிப் பிழைத்தன. கூப்பிட்டது பிழைக்கவில்லை.

தும்பை சித்திமார்களோடு வளர்ந்தது. குரல் மட்டும் அதன் காதில் அப்படியே இருந்தது. எங்காவது ஒரு சுள்ளி ஒடிந்தால் இரண்டு காதும் திரும்பிவிடும். ஆனால் முகம் போய்விட்டது. எப்போது போயிற்று என்று தும்பைக்கே தெரியாது. ஒருநாள் நினைத்துப் பார்த்தபோது குரல் வந்தது. பாலின் சூடு வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம் இருந்தது. பெற்றவள் முகத்தை மறந்த குட்டி உலகத்தில் உண்டா? தும்பை இதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் காட்டின் ஒரு பக்கம் தீப்பிடித்தது. மடுவோரம் வந்ததும் தீ அணைந்துவிட்டது. ஆனால் அக்கரையில் தண்ணீரிலிருந்து சுவர்போல் நிமிர்ந்து நிற்கிற பாறை, மேலிருந்து கீழ்வரை கரியேறிப்போனது.

பாறைமேல் சாய்ந்திருந்த அத்தி மரத்தில் நெடுவால் என்று ஒரு இளம் சாம்பல் மந்திக் குரங்கு இருந்தது. அது பத்து நாள் அந்தக் கரியைப் பார்த்தது. பதினோராம் நாள் அதற்குப் பொறுக்கவில்லை.

"எழுந்து தண்ணி குடிக்க வந்தா எதிர்ல ஒரு கரிமூஞ்சி. பெரியவங்க கண்ணுல இதெல்லாம் படாது. நாமளே இதுல படம் வரைஞ்சா என்ன?" என்று கேட்டது.

கீழே சேற்றில் புரண்டுகொண்டிருந்த மொத்தன் என்ற காட்டுப்பன்றிக் குட்டி நிமிர்ந்து பார்த்தது. "உன் மூஞ்சியும் கறுப்புதானே? அதுல என்ன வரையலாம்?"

"என்னுது பிறவிக் கறுப்புடா. அதைப் பாறையோட சேர்க்காதே."

கீச்சி என்ற மைனாவும் பறந்து வந்து சேர்ந்துகொண்டது. எங்கே நாலு பேர் பேசினாலும் ஐந்தாவதாகக் கீச்சி இருக்கும்.

படம் வரையலாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். எந்தப் படம் என்பதில்தான் தகராறு.

"ஒரு பெரிய கிழங்கு வரையலாம். சுவர் முழுக்க ஒரே கிழங்கு" என்றது மொத்தன்.

"பார்க்கறவங்களுக்குப் பசிக்கும். நான் பறக்கற மாதிரி வரையலாம்" என்றது கீச்சி.

"இங்க வரையத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். அதனால எங்க கூட்டத்தைத்தான் வரைவேன். வாலெல்லாம் வரிசையாத் தொங்கினா எவ்வளவு அழகா இருக்கும்!" என்றது நெடுவால்.

இக்கரையில் நின்ற தும்பை இதுவரை வாயே திறக்கவில்லை. அது எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டது. "எங்கம்மாவை வரையலாமா?"

சிறுத்தை வந்த அன்று காலை எல்லோரும் இதே மடுவில்தான் இருந்தார்கள். நெடுவால் அத்தியிலிருந்து இறங்கித் தரையில் நின்றிருந்தது. இன்னும் பத்தடிதான், சிறுத்தைக்கு எட்டியிருக்கும். மொத்தன் அப்போது ஒரு கை அளவு. கீச்சி அந்தத் தாய்மானின் முதுகிலேயே உட்கார்ந்திருந்தது.

"வரைவோம்" என்றது நெடுவால்.

மொத்தன் அதற்குப் பிறகு கிழங்கைப் பற்றிப் பேசவே இல்லை.

"முதல் மழை விழுந்தா எங்க கூட்டம் மேட்டுக்காட்டுக்குப் போயிடும். அங்க வேற தண்ணி. எங்கம்மாவை மாதிரியே நானும் திரும்பி வராமப் போனாலும் போயிடலாம். அதுக்குள்ள முடியுமா அண்ணா?" என்று கேட்டது தும்பை.

"நான் கை வெச்சா ஒரே நாள்" என்றது நெடுவால்.

சாயம் சேர்க்கும் வேலை தொடங்கியது. மொத்தன் மூக்கால் கிளறிச் செம்மண்ணைக் குவித்தது. கீச்சி காலியான நத்தை ஓடுகளாகப் பார்த்துப் பொறுக்கி வந்தது; அவற்றை இடித்தால் வெள்ளை. எரிந்த மரங்களில் கரி வேண்டிய மட்டும் இருந்தது. செம்மண் பாறையில் ஒட்டுவதற்கு வேலம்பிசினை வாயில் மென்று துப்பியது நெடுவால். வாலின் நுனிதான் தூரிகை.

"உங்கம்மா எப்படி இருப்பாங்க, சொல்லு" என்று அது கேட்டது.

தும்பை குளம்பால் மண்ணைக் கீறியது. "அழகா இருப்பாங்க."

"அது தெரியும். மூக்கு, கண்ணு?"

"அதுவும் அழகாத்தான் இருக்கும்."

நெடுவால் அதற்குமேல் கேட்கவில்லை. எனக்குத் தெரியாததா என்று தொடங்கிவிட்டது. பகல் முழுக்க அத்திக் கிளையில் தலைகீழாகத் தொங்கி வரைந்தது. மாலையில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியது.

சுவரில் செம்மண் நிறத்தில் நீளமாக, உருண்டையாக ஒன்று கிடந்தது. மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஒரு முனையில் இரண்டு காது. காலே இல்லை.

"என்னடா இது, புள்ளி வெச்ச வெள்ளரிக்காயா?" என்றது மொத்தன்.

"மான்டா. மரத்துமேலேருந்து பார்த்தா மான் இப்படித்தான் இருக்கும். நான் தினமும் பார்த்திருக்கேன்." நெடுவால் தும்பையின் பக்கம் திரும்பியது. "நீ சொல்லு. உங்கம்மா மாதிரி இருக்கா?"

நெடுவாலின் கண்ணைத் தூக்கம் சுழற்றியது. வால் நுனியில் மயிர் தேய்ந்து சிவந்திருந்தது.

"ஆமா அண்ணா, அப்படியே இருக்கு" என்றது தும்பை.

அடுத்த நாள் நெடுவால் அசந்து தூங்கும்போது கீச்சி ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு வந்தது. வெள்ளரிக்காய்க்குப் பக்கத்தில், முதுகில் உட்கார்ந்தால் எது தெரியுமோ அதை வரைந்தது. ஒரு கழுத்தின் பின்புறம். இரண்டு பெரிய காது. இடக்காதின் ஓரத்தில் ஒரு கிழிசல். இரண்டு காதுக்கும் நடுவே காடு.

"முள்ளுல மாட்டிக் கிழிஞ்ச காது. நான் அதுல எத்தனை உண்ணி பொறுக்கியிருக்கேன் தெரியுமா? இதுதானே உங்கம்மா?" என்று கேட்டது கீச்சி.

"ஆமா கீச்சி. இதேதான்" என்றது தும்பை.

மறுநாள் மொத்தன் பாறையின் அடியில் இருந்த மெல்லிய விளிம்பில் ஏறி நின்று, மூக்கையே சாயத்தில் தோய்த்து வரைந்தது. நான்கு கால்கள் தூண்போல் நின்றன. அவற்றின்மேல் வானம் கவிந்ததுபோல் ஒரு வெள்ளை வயிறு.

"கூட்டத்துல யார் காலுக்கு நடுவுல பூந்தாலும் உதைப்பாங்க. உங்கம்மா மட்டும் காலைக் கொஞ்சம் அகட்டி வழி விடும்" என்றது மொத்தன்.

தும்பை அந்த வெள்ளை வயிற்றையே பார்த்தது. இது தெரிந்த இடம். ஆனால் இதற்கும் மேலே ஒரு முகம் இருக்க வேண்டுமே.

"ஆமாடா மொத்தா. இதான்" என்றது.

அதற்குள், இரண்டு நாளாக அசந்து தூங்கிய நெடுவால் எழுந்துவிட்டது. தன் படத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கழுத்து, அந்தப் பக்கம் ஒரு வயிறு. அதன் வால் விறைத்தது.

"யார்டா என் மானுக்குப் பக்கத்துல கிறுக்கினது?"

"உன்னுது மானே இல்லை. தும்பையே என்னுதுதான் சரின்னு சொல்லிச்சு" என்றது மொத்தன்.

"என்கிட்ட முந்தாநாளே சரின்னு சொல்லியாச்சு."

"என்கிட்டயும்தான்" என்றது கீச்சி. சொன்ன பிறகுதான் அதற்கு உறைத்தது. அது தலையைச் சாய்த்துத் தும்பையைப் பார்த்தது. "ஏண்டி, மூணும் உங்கம்மாவா? மூணும் மூணு விதமா இருக்கே?"

தும்பை ஓடிவிடலாமா என்று பார்த்தது. பிறகு ஓடவில்லை.

"எனக்கு எங்கம்மா முகம் ஞாபகமில்லை" என்றது. "குரல்தான் ஞாபகம் இருக்கு. நீங்க வரைஞ்சா பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்னு இருந்தேன். நீங்க ஒவ்வொருத்தரும் அவ்வளவு ஆசையாக் கேட்டீங்க. இல்லைன்னு சொல்ல எனக்கு என்ன தெரியும்?"

மொத்தன் தன் சிவந்த மூக்கைத் தரையில் தேய்த்தது.

நெடுவாலுக்கு முதலில் கோபம்தான் வந்தது. வால் தேய வரைந்தது அல்லவா? பிறகு அது யோசித்தது. தாய்மானை அது நூறு நாளாவது பார்த்திருக்கும். மேலேயிருந்தே பார்த்திருக்கிறது. முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. கீச்சியும் அதையேதான் நினைத்தது. மொத்தனும் அதையேதான். தன்னைக் காப்பாற்றியவளின் முகம் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

"நாம எல்லாரும் ஒண்ணுதான் போலிருக்கு" என்றது நெடுவால். வேறென்ன செய்வது என்று தெரியாமல் மடுவில் வாலை விட்டு அலசத் தொடங்கியது. மொத்தன் மூக்கைக் கழுவியது. கீச்சி அலகைக் கழுவியது. மூன்று நாளாக அவர்கள் கழுவிய செம்மண்ணும் கரியும் சுண்ணாம்பும் சேர்ந்து அந்தப் பக்கத் தண்ணீர் முழுவதும் குழம்பிக் கிடந்தது. அதை அவர்கள் அன்றுவரை கவனிக்கவே இல்லை.

கலங்கலுக்குள்ளிருந்து இரண்டு நீண்ட மீசை வெளியே வந்தது. பின்னால் ஒரு தட்டைத் தலை.

"முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?" என்று கேட்டது அது.

அது ஒரு கெளுத்தி மீன். மீசை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இருமிக்கொண்டே பேசியது.

"சுவர்க்காரங்களா, உங்களைத்தான் கேட்கறேன். நேத்து சிவப்பு, முந்தாநாள் வெள்ளை, இன்னிக்கு ரெண்டும் சேர்த்து. செவுள் எரியுது. என் குஞ்சுங்க எது வாய், எது வால்னு தெரியாம ஒண்ணை ஒண்ணு முட்டுது. இந்தச் சுவரோட நிழல்லதான் எங்க வீடு இருக்கு. யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மீனுக்குச் சுவர் எதுக்கு அக்கா? உனக்கு வரையவும் வராது" என்றது மொத்தன் வெகுளியாக.

"படம் உங்களுக்கு, அழுக்கு எனக்கா? நல்லா இருக்குடா உன் பங்கீடு."

மொத்தன் காதை மடக்கிக்கொண்டது.

"எங்கம்மாவுக்காகத்தான் அக்கா" என்றது தும்பை. "என்னாலதான் எல்லாம். மன்னிச்சுக்கோங்க."

மீசை தும்பையின் பக்கம் திரும்பியது. "உங்கம்மான்னா, ஒரு கண்ணை மூடிக்கிட்டுத் தண்ணி குடிக்குமே, அதுவா?"

தும்பை தண்ணீர் விளிம்புக்கே வந்துவிட்டது.

"உங்களுக்கு எங்கம்மா முகம் தெரியுமா?"

"தெரியுமாவா? இந்த மடுவுக்கு வந்து குனியற ஒவ்வொருத்தர் முகமும் எனக்குத் தெரியும். மரத்துல இருக்கறவன் முதுகைப் பார்ப்பான். மண்ணுல இருக்கறவன் காலைப் பார்ப்பான். தண்ணி குடிக்க வந்தா எல்லாரும் என் பக்கம்தானே மூஞ்சியைக் காட்டணும்?"

நெடுவால் கிளையிலிருந்து பாதி இறங்கிவிட்டது. "அப்ப சொல்லு அக்கா, இப்பவே வரைஞ்சுடறேன். மூக்கு எப்படி? கண்ணு எப்படி?"

"மாட்டேன். முதல்ல என் தண்ணி தெளியட்டும். அது தெளிஞ்சா அந்த முகத்தைத் தண்ணியிலேயே காட்டறேன்" என்றது மீசை.

"தண்ணியிலயா? ஊறுகாய் மாதிரி ஊறப்போட்டு வெச்சிருக்கியா?"

"வாயைக் குறைச்சு வாலைக் கழுவாம இருந்தா ரெண்டு நாள்ல தெளியும்."

நெடுவால் வானத்தைப் பார்த்தது. மேற்கே மலை உச்சியில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. காற்றில் ஈர மண் வாசனை இருந்தது. அது தும்பையின் காதருகே வந்தது.

"ரெண்டு நாள் காத்திருந்தா மழை வந்துடும். உங்க கூட்டமும் போயிடும். இந்த மீசையோட வாயைக் கிளறி எப்படியாவது விஷயத்தை வாங்கிடலாம். கலங்கினது கலங்கிடுச்சு, இன்னும் கொஞ்சம் கலங்கினா என்ன?"

தும்பை மேகத்தைப் பார்த்தது. சுவரைப் பார்த்தது. அதற்கு இன்றே வேண்டும்போல் இருந்தது. இந்த நிமிடமே வேண்டும்போல் இருந்தது. ஆனால் தண்ணீருக்குள் ஒரு சின்ன மீன்குஞ்சு சுற்றிச் சுற்றி வந்து ஒரு கல்லில் மோதுவதையும் அது பார்த்துவிட்டது. தாயின் குரலுக்காகக் கலங்கலில் அலைவது எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும்.

"காத்திருப்போம் அண்ணா" என்றது தும்பை. "மழை வந்தா வரட்டும்."

நெடுவால் முனகிக்கொண்டே அத்தியில் ஏறிக்கொண்டது.

மொத்தன் மடுவிலிருந்து நாற்பது அடி தள்ளி ஒரு குழி தோண்டியது. ஈரக் களிமண்ணை உள்ளே அப்பி மெழுகியது. இனிமேல் எந்தச் சாயமும் இங்கேதான் கழுவ வேண்டும் என்று அதுவே காவலும் இருந்தது. கரையோரம் வழிந்து கிடந்த செம்மண்ணைக் கீச்சி சருகால் ஒற்றி எடுத்தது. நெடுவால் வேறு வேலை இல்லாமல் வேலம்பிசினை மென்றுகொண்டே இருந்தது. மென்று மென்று ஒரு தேங்காய் அளவு உருண்டை சேர்த்துவிட்டது.

முதல் நாள் தண்ணீர் சிவப்பிலிருந்து பழுப்பானது. இரண்டாம் நாள் பழுப்பிலிருந்து வெளிறியது. மேகம் மலையிலிருந்து இறங்கிப் பாதிக்காட்டுக்கு வந்தது. மான் கூட்டத்துப் பெரிய கலைமான் கொம்பைச் சிலுப்பி, "நாளை கிளம்பத் தயாரா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனது. தும்பை அன்று புல்லைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மடுவின் அடியில் கிடந்த கூழாங்கற்கள் தெரிந்தன.

எல்லோரும் இக்கரைக்கு வந்து நின்றார்கள். மீசை நீந்தி வந்தது. "குனிஞ்சு தண்ணி குடி" என்றது தும்பையிடம்.

"எனக்குத் தாகமில்லை அக்கா. எங்கம்மா முகம்..."

"குடின்னா குடி."

தும்பை குனிந்தது. தண்ணீரின்மேல் சருகுகள் மிதந்தன. குடிப்பதற்கு முன் எப்போதும் செய்வதுபோல் உதட்டைக் குவித்து, உஃப் என்று ஊதியது. சருகுகள் விலகின.

"இதோ," என்றது மீசை. "இதைத்தான் சொன்னேன். இந்தக் காட்டுல ஊதிட்டுக் குடிக்கற மான் ரெண்டே ரெண்டுதான். மத்ததெல்லாம் சருகோட உறிஞ்சும். உங்கம்மா ஊதினா சருகுல இருக்கற பூச்சியெல்லாம் என் பக்கம் வரும். நான் மேல வந்து காத்திருப்பேன். அது போன பிறகு பல நாள் கழிச்சு ஒருத்தி வந்து அதே மாதிரி ஊதினா. நான் உங்கம்மாதான் திரும்பி வந்துட்டான்னு ஏமாந்து மேல வந்தேன். பார்த்தா நீ."

தும்பை நிமிர்ந்து மீசையையே பார்த்தது.

"இன்னும் என்ன பார்க்கறே? கீழ பாரு. அதே நெற்றி. அதே தாடை. கண்ணுக்குக் கீழ கறுப்பா ஓடற கோடும் அதேதான். அந்த முகத்தைத்தான் நீ தினமும் இங்க கொண்டுவந்து தண்ணியில போட்டுட்டுப் போறே."

சருகு விலகிய தண்ணீரில் ஒரு முகம் இருந்தது. தும்பை அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. குடிக்கும்போதெல்லாம் அதன் கண் புதர்களில்தான் இருக்கும். அந்தக் காலைக்குப் பின், குடிக்கக் குனியும்போது அது தண்ணீரைப் பார்த்ததே கிடையாது.

தும்பையின் மூக்கு தண்ணீரைத் தொட்டது. முகம் கலைந்து, மறுபடி சேர்ந்தது.

"அம்மா" என்றது தும்பை, யாருக்கும் கேட்காமல்.

கேட்காததுபோல் மற்றவர்களும் நின்றார்கள். மொத்தன் மட்டும் மூக்கை உறிஞ்சியது. "தூசி" என்றது.

"மழை வருதுடா!" என்று கத்தியது நெடுவால். பிசின் உருண்டையைத் தூக்கிக்கொண்டு அத்தியில் தாவி ஏறியது.

அன்று அவர்கள் வரைந்தது போல் அந்தக் காட்டில் யாரும் வரைந்ததில்லை. தும்பை இக்கரையில் நின்றது. நெடுவால் அதன் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சுவரில் எழுதியது. வெள்ளரிக்காயை யாரும் அழிக்கவில்லை; அதுவே முதுகானது. மொத்தனின் கால்களும் வயிறும் அதன் கீழே வந்து சேர்ந்தன. கீச்சியின் கிழிந்த காது தலையில் ஏறியது. மீசை தண்ணீரிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு ஒன்றையும் விடவில்லை.

"மூக்குல இடப்பக்கம் கடுகளவு ஒரு வெள்ளை இருக்கும். அவளுக்கு இல்லை, அம்மாவுக்கு இருக்கு. வை. அங்க இல்லைடா, இன்னும் கீழ."

"போதுமா?"

"கடுகுன்னு சொன்னா பூசணிக்காய் வைக்கறே."

"வலக்கண்?"

"மூடு. குடிக்கும்போது அது மூடித்தான் இருக்கும். இடக்கண் மட்டும் திறந்து காட்டைப் பார்க்கும். அந்தக் கண்ணாலதான் அன்னிக்குச் சிறுத்தையைப் பார்த்திருக்கணும்."

நெடுவால் ஒரு கணம் வாலை நிறுத்தியது. பிறகு அந்த இடக்கண்ணை, அதுவரை எதையும் அவ்வளவு மெதுவாக வரையாத மாதிரி மெதுவாக வரைந்தது.

கடைசிப் புள்ளி வைக்கும்போது முதல் துளி விழுந்தது. சுவரில், தண்ணீரை நோக்கித் தலை குனிந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் காட்டைக் காவல் காத்துக்கொண்டு ஒரு தாய்மான் நின்றது. கால் ஒன்று கொஞ்சம் பருமன். முதுகில் இன்னும் வெள்ளரிக்காயின் சாயல். ஆனாலும் பார்த்தவர் யாரும் இது யார் என்று கேட்க மாட்டார்கள்.

நெடுவால் தும்பையின் பக்கம் திரும்பியது. அதற்குக் கேட்கவே பயமாக இருந்தது. "இப்ப சொல்லு. உண்மையைச் சொல்லு."

தும்பை சுவரைப் பார்த்தது. குனிந்து தண்ணீரைப் பார்த்தது. மறுபடி சுவரைப் பார்த்தது.

"காது கொஞ்சம் பெரிசு அண்ணா," என்றது. "மத்ததெல்லாம் எங்கம்மா."

நெடுவால் சிரித்தது. முதல்முறையாக அந்தக் குட்டி வெறுமனே ஆமாம் போடாமல் ஒரு குறை சொல்லியிருக்கிறது.

தூறல் வலுத்தது. கலைமான் மேட்டிலிருந்து கூப்பிட்டது. தும்பை கூட்டத்தோடு நடந்தது. வளைவு திரும்பும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தது. நெடுவால் மட்டும் மழையிலேயே தொங்கி, மான் வாய் வைக்கிற இடத்தில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, வெள்ளையால் இரண்டு நீளக் கோடு இழுத்தது. பார்த்தால் மீசை.

"எனக்கெதுக்கு இதெல்லாம்" என்றது கெளுத்தி. ஆனால் அன்று முழுக்க அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை.

அந்த மழைக்காலம் பெரியது. வெள்ளரிக்காய் முதுகு முதலில் கரைந்தது; பிறகு கால்கள் போயின. பாறை முன்னுக்குத் துருத்தி நின்ற இடத்தின் கீழே, நிறையப் பிசின் சேர்த்து எழுதிய முகம் மட்டும் நின்றது. மீசை புதுவெள்ளத்தில் ஏறி ஆற்றுப் பக்கம் போனது; திரும்பி வரவில்லை. அதன் குஞ்சுகள் மடுவிலேயே இருக்கின்றன. மொத்தன் தோண்டிய குழியில்தான் இப்போதும் எல்லோரும் சாயம் கழுவுகிறார்கள்.

எல்லோருக்குமான சுவரில் வரையப் போகிறவர்கள், அந்தச் சுவரின் நிழல் யார் வீட்டின்மேல் விழுகிறதோ அவர்களை முதலில் கேட்க வேண்டும்.

தும்பை அடுத்த கோடையில் ஒரு குட்டியோடு ஆவாரங்காட்டு மடுவுக்குத் திரும்பி வந்தது.